துரு வரையும் உத்தியோகம்

நான் இரண்டு முறை ரிட்டையர் ஆனவன். முதல் முறை மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டாம் முறை, போன மாதம், தலையில்லாத ரோபோ ஒன்றைக் கொடுத்தார்கள். "தலை எங்கே?" என்று கேட்டேன். "அதை நீங்களே செஞ்சுக்குங்க அங்கிள், வீட்ல சும்மாதானே இருக்கப் போறீங்க" என்றாள் என் முதலாளி மினுதி.

அந்த விழாவில் என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றதும் மாலதி மாசியின் (மாசி என்றால் வங்காளத்தில் சித்தி) முகத்தைப் பார்த்துவிட்டேன். அப்புறம் எங்கே பேசுவது? சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஸ்டூடியோவில் என்னையும் மாசியையும் பற்றிய கதை ஒன்று உலவுகிறது. அதற்கு இப்போது நான்கு வடிவங்கள் இருப்பதாகக் கேள்வி. ஒன்றில் நான் மாசியின் காலில் விழுகிறேன். இன்னொன்றில் அழுகிறேன். நான் விழவும் இல்லை, அழவும் இல்லை. சிரித்தேன், சிக்கலே அதில்தான் ஆரம்பித்தது. "நீங்களே எழுதிக் குடுத்துருங்க, இந்தத் தொல்லை, ஜாமேலா எல்லாம் முடிஞ்சது" என்று மினுதி உத்தரவு போட்டதால் எழுதுகிறேன்.

முதலில் இது என்ன தொழில் என்று சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் என் மனைவி கோமதிக்கே இது புரிய இரண்டு வருடம் ஆனது. அறிவியல் புனைகதைப் படங்களில் வரும் ரோபோக்கள், விண்வெளி வீரர்கள், வேற்றுக்கிரகத்து ஆசாமிகள் இவர்களுடைய சிலைகளை வாங்கிச் சேர்க்கும் பெரியவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். ரெசினில் வார்த்தவை, ஒன்றரை அடி, இரண்டு அடி, சில சமயம் மூன்று அடி. முப்பது வருடம் ஏதோ ஒரு கிரகத்தில் மண் சுமந்த இயந்திரம் என்று பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும். திறந்து பார்த்தால் குளிப்பாட்டிப் பவுடர் போட்ட குழந்தை மாதிரி பளபளவென்று உட்கார்ந்திருக்கும். அதை எங்களிடம் அனுப்புவார்கள். நாங்கள் பளபளப்பை எடுத்துவிட்டுப் புதிதாக வண்ணம் பூசுவோம். அதன்மேல் கீறல், துரு, எண்ணெய்க் கறை, தூசி எல்லாம் ஏற்றி, நிஜமாகவே உழைத்துக் களைத்த இயந்திரமாக்கித் திருப்பி அனுப்புவோம்.

இதற்கு முன் நான் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் சரக்கு வேகன் பெயிண்டர். துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டு, ரெட் ஆக்சைடு அடி, காயவிடு, மேல்பூச்சு அடி, நம்பர் எழுது. முப்பத்தாறு வருட சர்வீஸை இந்த ஒரு வரியில் சொல்லிவிடலாம், சொல்லியும் விட்டேன்.

ரிட்டையர் ஆன மூன்றாம் மாதம் காபிப்பொடி வாங்க லேக் மார்க்கெட் போனேன். பொடி அரைக்கும் கடைக்குப் பக்கத்துத் தூணில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'துருவைப் பற்றித் தெரிந்த பெயிண்டர் தேவை. மாடிக்கு வரவும்' என்று ஆங்கிலத்தில் கையால் எழுதியிருந்தது. பெயரைப் போடாமலே என்னைக் கூப்பிட்ட விளம்பரம் வாழ்நாளில் அது ஒன்றுதான். காபிப்பொடி சூடு ஆறுவதற்குள் மாடியேறிவிட்டேன்.

மாடியில் ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். பெயர் மீனாட்சி. அவளுடைய கொள்ளுத்தாத்தா காலத்திலேயே குடும்பம் இங்கே, வங்காளத்துக்கு, வந்துவிட்டது. வீட்டில் தமிழ், வெளியில் எல்லாமே வங்காளம். ஸ்டூடியோவில் இருந்த பையன்களும் பெண்களும் அவளை மினுதி, அதாவது மினு அக்கா, என்று கூப்பிட்டார்கள். அறுபது வயதில் நானும் அப்படியே கூப்பிடப் பழகினேன். எழுத்தில் மட்டும் 'அவள்' என்று எழுதிக்கொள்கிறேன், என் பெண் வயது என்ற உரிமையில்.

அவள் என் கையில் சிவப்பாக மின்னும் ரோபோ கை ஒன்றைக் கொடுத்தாள். "இதை நஷ்டோ பண்ணுங்க அங்கிள்" என்றாள். பாழாக்க வேண்டுமாம். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கட்டை விரலில் ஒரு தூசி இருந்தது. பழக்கதோஷம், கைக்குட்டையை எடுத்துத் துடைத்து, வாயால் ஊதி, மறுபடி துடைத்து அவளிடமே நீட்டினேன். அறையில் இருந்த ஐந்து பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மினுதி மட்டும் சிரிக்கவில்லை. "துரு எங்க முதல்ல பிடிக்கும்?" என்று கேட்டாள். அப்புறம் நான் பேசினேன் பாருங்கள், முக்கால் மணி நேரம்! தண்ணீர் தேங்குகிற மூலை, பெயிண்ட் வெடிக்கிற விளிம்பு, ரிவிட்டுக்குக் கீழே வழிகிற கோடு, கதவுக் கொக்கி உரசுகிற இடம். மறுநாளே வேலைக்கு வரச் சொன்னாள்.

கோமதியிடம் சொன்னபோது அவள் அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயைக் கீழே வைத்துவிட்டாள். "முப்பத்தாறு வருஷம் துருவைச் சுரண்டிதான் சோறு தின்னோம். இப்ப அதைத் திரும்ப ஒட்டிவைக்கப் போறீங்களாக்கும்? என்னங்க கூத்து இது?" என்றாள். எனக்கோ கால் தரையில் பாவவில்லை.

முதல் சிலையில் மூக்குடைபட்டேன். நிஜத் துருவைவிட நல்ல துரு உண்டா என்று பழைய இரும்புக் கடையில் ஒரு டப்பா துருத்தூள் சுரண்டி வந்து, ஒரு சுரங்க ரோபோவின் மார்பில் அப்பினேன். எனக்கு ஒரே பெருமை. மினுதி அதை ஜன்னலுக்கு எடுத்துப் போனாள். எந்தச் சிலையையும் அவள் விளக்கை அணைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில், ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பாள். "துரு சத்தி, ரோபோ மித்தே" என்றாள். துரு நிஜம், ரோபோதான் பொய்யாகிவிட்டதாம். பிறகு பொறுமையாக விளக்கினாள். "இவன் நிஜத்துல பத்து அடி உயரம். நம்ம கையில ஒன்றரை அடி. அப்ப அவனோட துருவும் அந்த அளவுக்குச் சின்னதாகணும் இல்லையா? நீங்க வேகன் துருவை அப்படியே வெச்சிருக்கீங்க. இவன் மேல அது செங்கல் செங்கல்லா தெரியுது." அன்று முதல் எனக்குக் கண்ணாடியும், கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடியும் வந்தன.

வேலை முறையைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். எனக்கு அதில்தான் ருசி. சிலையை முதலில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்டுவோம், வார்ப்பு எண்ணெய் ஒட்டியிருக்கும் என்பதால். காய்ந்ததும் பிரைமர். அதன்மேல் துரு நிறம். ஆமாம், துருதான் முதலில்! பழுப்பு, ஆரஞ்சு, கொஞ்சம் கறுப்பு. அதன்மேல் பெண்கள் தலைக்கு அடிக்கிற ஹேர் ஸ்பிரே இரண்டு பூச்சு. அதற்கும் மேலேதான் இயந்திரத்தின் சொந்த நிறம், மஞ்சளோ பச்சையோ. அது காய்ந்த ஒரு மணி நேரத்துக்குள் தண்ணீர் தொட்ட பிரஷ்ஷால் விளிம்புகளை மெல்லத் தட்ட வேண்டும். அடியிலிருக்கும் ஹேர் ஸ்பிரே தண்ணீரில் இளகி, மேல் வண்ணம் செதில் செதிலாக உரிந்து, உள்ளேயிருந்து துரு எட்டிப் பார்க்கும். முதல் செதில் உரிகிற அந்த நொடிக்கு நான் ஒன்பது வருடமும் ஒரே மாதிரி 'ஆகா' போட்டேன். பக்கத்து மேஜைப் பையன்கள் என்னோடு சேர்ந்து கோரஸ் போடுவார்கள்.

அதன் பிறகு கெட்டியான எண்ணெய் வண்ணத்தை நீர்க்கக் கரைத்து இடுக்குகளில் ஓடவிடுவோம். கடைசியாகத் தூசி. தூசி மேல்பக்கம் பார்த்த இடங்களில்தான் தங்கும்; தோளில் உண்டு, அக்குளில் கிடையாது. சேறு முழங்கால் வரைதான். ஒவ்வொரு கறைக்கும் மினுதியிடம் பதில் சொல்லியாக வேண்டும்.

"இந்தக் கீறல் ஏன்?"

"கீழ விழுந்திருப்பான் மினுதி."

"எந்தப் பக்கமா விழுந்தான்?"

"அது தெரியலையே."

"தெரியாத கீறல் வேண்டாம் அங்கிள். அழிச்சிருங்க."

அவளுக்குக் கோபம் வந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சாதாரணமாக அவள் பேச்சில் பாதி வங்காளம். கோபம் ஏறஏற வங்காளம் குறைந்துகொண்டே வரும். உச்சத்தில், மேடைத் தமிழில், மிகுந்த மரியாதையோடு பேசுவாள். ஒன்பது வருடத்தில் அந்த உச்சத்தை நான் ஒரே ஒரு முறைதான் கேட்டேன்.

எல்லாம் முடிந்ததும் பளபளப்பில்லாத வார்னிஷ், மூன்று மெல்லிய பூச்சு, நாளுக்கு ஒன்றாக. அடித்த பிறகு சிலைக்கென்று உள்ள அட்டையில் 'வார்னிஷ்' என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும். வார்னிஷ் இல்லாவிட்டால் துரு, தூசி எதுவும் கைபட்டால் நிற்காது. இதை மினுதி விட்டுக்கொடுத்ததே இல்லை. எனக்கோ அந்த வார்னிஷைக் கண்டால் ஆகாது. இரண்டு நாள் மெனக்கெட்டுப் படியவைத்த தூசி, வார்னிஷ் பட்டதும் நனைந்த விபூதி போல மங்கிப்போகும். வயிறு எரியும்.

இப்போது மாசியின் கதைக்கு வருகிறேன். நியூ டவுனில், பதினான்காவது மாடியில், ரூபக் பாபு என்று ஒரு வாடிக்கையாளர். ஐடி கம்பெனியில் பெரிய வேலை. அவர் ஒரு மூன்றடிச் சிலை அனுப்பினார்: தோளில் பாரத்தோடு ஒரு காலை மண்டியிட்ட சரக்கு ரோபோ. கூலிக்காரன் என்று பெயர் வைத்தேன். இரண்டு மாதம் அவனோடேயே வாழ்ந்தேன். அந்தத் தோளில் நான் போட்ட தூசி இருக்கிறதே, செங்கல் பொடியைத் துணியில் சலித்து, வண்ணப்பொடியோடு கலந்து, ஒற்றை முடி பிரஷ்ஷால் வைத்தது! பார்க்கிறவர்களுக்குத் தும்மல் வரும். இதன்மேல் வார்னிஷ் அடிக்க எனக்கு மனசு வரவில்லை. எப்படியும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கப் போகிறவன், எவர் தொடப்போகிறார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அட்டையில் டிக் போட்டேன். கையெழுத்தும் போட்டேன். வியாழக்கிழமை கூலிக்காரன் நியூ டவுன் போய்ச் சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை சேகரிப்பாளர்களின் கண்காட்சி, போட்டி எல்லாம் இருந்தது; அதற்கு வருகிறவர்களில் சிலர் ரூபக் பாபு வீட்டுக்கும் வருவதாக இருந்தது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மினுதியின் போன் அடித்தது. ரூபக் பாபு கத்திய கத்தலில் போன் ஸ்பீக்கரில் இருப்பதாகவே எல்லோரும் நினைத்தோம். கண்ணாடிப் பெட்டி இன்னும் வரவில்லையாம். சிலை ஹாலில் திறந்தபடியே இருந்திருக்கிறது. வீட்டு வேலை செய்யும் அம்மா அதைத் தேய்த்துக் கழுவிவிட்டாராம்.

நானும் மினுதியும் வண்ணப் பெட்டியோடு டாக்ஸி பிடித்து நியூ டவுன் போனோம்.

உள்ளே போனோம். ஹாலின் நடுவே கூலிக்காரன் ஈரம் சொட்ட மண்டியிட்டிருந்தான், குளித்துவிட்டுத் துண்டு கேட்கிறவன் மாதிரி. வாசல் பக்கம் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர், மடியில் துணிப்பையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் மாலதி மாசி. கண்கள் சிவந்திருந்தன. "பன்னிரண்டு வருஷம் வேலை செஞ்சவங்க! இன்னிக்கே கிளம்பச் சொல்லிட்டேன்" என்று ரூபக் பாபு வங்காளத்தில் பொரிந்தார். அங்கே நடந்த பேச்செல்லாம் வங்காளம்தான். நான் தமிழில் தருகிறேன்.

மாசி என்னைப் பார்த்து, அண்ணன் என்கிற அர்த்தத்தில் தாதா போட்டுச் சொன்னார்: "நீங்களே சொல்லுங்க தாதா. வீட்டுக்கு நாளைக்கு ஆளுங்க வராங்க. நடு ஹால்ல இத்தனை அழுக்கோட ஒரு பொம்மை. தோள் மேல ஒரு வருஷத்துத் தூசி! பார்க்கிறவங்க என்னைத்தானே பேசுவாங்க? விடியக்காலையில வந்து தேங்காய் நார், சோப்புத்தூள் போட்டு இரண்டு மணி நேரம் தேய்ச்சேன். மணிக்கட்டு விட்டுப்போச்சு. கடைத்தெருவுல கிடந்ததை எடுத்துட்டு வந்திருக்காருன்னு நினைச்சேன்."

அங்கேதான் நான் சிரித்தேன். அடக்க முடியவில்லை. அதுவரை எத்தனையோ பேர் 'ரொம்ப தத்ரூபம்' என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் அது பெயிண்ட் என்று தெரியும். இந்த அம்மா நம்பிவிட்டார்! என் தூசியைத் தூசி என்றே நம்பி, நாரை எடுத்துத் தேய்த்திருக்கிறார்! தலைகால் புரியாத சந்தோஷத்தில், "ஒரு வருஷத்துத் தூசியா? நிஜமாவா?" என்று மாசியையே கேட்டேன். ரூபக் பாபு என்னை ஒரு மாதிரி பார்த்தார். மாசி அழ ஆரம்பித்துவிட்டார்.

"சிரிங்க தாதா. உங்களுக்கென்ன? என் பொண்ணு நர்சிங் கடைசி வருஷம். இந்த வீடு போச்சுன்னா அவ படிப்பும் போச்சு" என்றார்.

என் சிரிப்பு பாதியில் நின்றது. அந்த நேரம் மினுதி விரலை நனைத்து, மாசியின் நார் எட்டாத சிலையின் முதுகில் லேசாகத் தடவினாள். விரலில் பழுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த விரலை வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வார்னிஷ் அடித்த சிலையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் ஒன்றும் ஆகாது என்பது அவளுக்கும் எனக்கும் தெரியும். அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாது. சொல்கிற வேலையை அவள் என்னிடம் விட்டுவிட்டாள்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். பழி மாசியோடு போயிருக்கும், ஸ்டூடியோவின் பெயரும் என் பெயரும் தப்பித்திருக்கும். அந்த எண்ணம் எனக்கு வரவே இல்லை என்று சொன்னால் பொய். ஒரு மூச்சு விடுகிற நேரம் வந்தது, அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

"ரூபக் பாபு, தப்பு மாசி மேல இல்லை, என் மேல" என்றேன். "கடைசியா ஒரு வார்னிஷ் அடிக்கணும். அடிச்சிருந்தா மாசி இல்லை, யானை வந்து தேய்ச்சாலும் அழிஞ்சிருக்காது. நான் அடிக்கலை. அடிச்சதா கையெழுத்துப் போட்டேன்."

மினுதி என் பக்கம் திரும்பினாள். "மிக நல்ல காரியம் செய்தீர்கள் ஐயா. இன்று மாலைக்குள் இதைத் தாங்களே சரிசெய்து கொடுத்துவிடுங்கள்" என்றாள். ஒரு வங்காளச் சொல்கூட இல்லை! அவள் என்ன சொன்னாள் என்று ரூபக் பாபு கேட்டார். "வாழ்த்தினாங்க" என்றேன்.

அவர் இறங்கி வருவதாக இல்லை. "இருந்தாலும் இவங்களை யார் தொடச் சொன்னது?" என்றார்.

மாசி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்கதான். நாளைக்கு ஆளுங்க வராங்க, வீட்ல எல்லாமே பளபளன்னு இருக்கணும்னு நேத்து ரெண்டு தடவை சொன்னீங்க" என்றார்.

ரூபக் பாபு சமையலறைக்குப் போய் அவரே எல்லோருக்கும் டீ போட்டார். டீயை முதலில் மாசியிடம்தான் நீட்டினார். மாசி பையை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார்.

டீ கிளாஸோடு சிலையைச் சுற்றி வந்தபோதுதான் நான் அதைச் சரியாகப் பார்த்தேன். மாசியின் நார், கை எட்டிய இடங்களில் மட்டும் ஓடியிருந்தது. முழங்கை, முழங்கால், மார்பின் மேடு எல்லாம் தேய்ந்து வெளுத்திருந்தன. இடுக்குகளில் துரு அப்படியே இருந்தது. அந்தத் தேய்மானத்துக்கு ஒரு போக்கு இருந்தது, ஒரு மணிக்கட்டின் வீச்சு. இரண்டு மாதம் பூதக்கண்ணாடி வைத்து நான் செய்தவன் கவனிப்பாரற்றுக் கிடந்த இயந்திரம். இவனை யாரோ தினமும் துடைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடடா, இதுவல்லவா நிஜம்! நான் மினுதியைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். "தாருண்" என்றாள் மெல்ல. பிரமாதமாம். வங்காளம் திரும்பிவிட்டது, எனக்கு உயிரும் திரும்பியது.

நார் படாத முதுகு மட்டும் பாக்கி. "மாசி, முதுகையும் தேய்ச்சுக் குடுங்க" என்றேன்.

"ஐயோ, மாட்டேன் தாதா. அப்புறம் அதுக்கும் என்னைத்தான் சொல்வாங்க."

ரூபக் பாபுவே நாரை எடுத்துக் கொடுத்துக் கெஞ்ச வேண்டியிருந்தது. மாசி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். நான் 'போதும் போதும்' என்று கத்துவேன். 'இன்னும் அழுக்கு இருக்கே' என்று அவர் இன்னொரு இழுப்பு இழுப்பார். அப்புறம் நான் தோளுக்குத் தூசி போட்டேன். மாசியால் அதைப் பார்க்க முடியவில்லை, பால்கனிக்குப் போய்விட்டார். நாளுக்கொரு பூச்சுக்கு ஏது நேரம்? ஹேர் டிரையர் வைத்துக் காயவைத்து, மாலை ஐந்து மணிக்குள் மூன்று பூச்சு வார்னிஷும் அடித்தேன். மினுதி பக்கத்திலேயே நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள்.

கண்காட்சியில் முதல் பரிசு ஒரு விண்கப்பலுக்குப் போனது, போகட்டும். ஆனால் நடுவர்களில் ஒருவர் கூலிக்காரனின் முழங்கைக்கு முன்னால் குனிந்தவர் நிமிரவே இல்லை. இந்தத் தேய்மானம் யார் கைவேலை என்று கேட்டார். ரூபக் பாபு சற்றும் தயங்காமல், "எங்க மாலதி மாசி" என்றார்.

திங்கட்கிழமை எனக்கு என்ன தண்டனை வரப்போகிறதோ என்று பயந்துகொண்டே படியேறினேன். மினுதி எல்லோரையும் கூப்பிட்டு ஒரு புதிய சட்டம் அறிவித்தாள். இனிமேல் கையெழுத்தை நம்பப் போவதில்லை. புதன்கிழமை தோறும் மதியம் மாலதி மாசி நாரும் சோப்புமாக ஸ்டூடியோவுக்கு வருவார். முடிந்த சிலைகளை அவர் தேய்த்துப் பார்த்து, நிற்கிறது என்று சொன்னால்தான் அது வெளியே போகும். இதற்குத் தனிச் சம்பளம், ரூபக் பாபு வீட்டு வேலைக்கு மேலே. அன்றிலிருந்து புதன்கிழமை என்றாலே எங்கள் மாடியில் பரீட்சை நாள்தான். மாசி ஏறி வருகிற செருப்புச் சத்தம் கேட்டாலே பிரஷ்கள் கீழே விழும். எத்தனை பேருடைய துருவை வாளித் தண்ணீரில் கரைத்துவிட்டு, 'சுத்தமாயிடுச்சு' என்று மலர்ந்த முகத்தோடு திரும்பிப் பார்த்திருக்கிறார்!

போன மாதம் என் கடைசிச் சிலை: கைவிடப்பட்ட ஒரு காவல் ரோபோ. காதுவரை சேறு, மார்பெல்லாம் துரு, தலை முழுக்கப் புழுதி. அதைப் பார்த்ததுமே மாசிக்கு ரத்தம் கொதித்தது. சட்டைக் கையை மடித்துவிடுகிற மாதிரி வளையல்களை மேலே ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தார். நாங்கள் ஏழு பேரும் சுற்றி நின்றோம். தோளைத் தேய்த்தார். மார்பைத் தேய்த்தார். சோப்பைக் கூட்டிப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தேய்த்தார். வாளித் தண்ணீர் தெளிந்தே இருந்தது. வேர்த்துப்போய் நிமிர்ந்து, நிஜமான வருத்தத்தோடு என்னைப் பார்த்தார்.

"எவ்வளவோ தேய்ச்சுப் பார்த்துட்டேன் தாதா. ஒரு துளி அழுக்குகூடப் போகலை. என்னை மன்னிச்சிருங்க" என்றார்.

நான் அந்த ஈரக் கையை நாரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு குலுக்கினேன், குலுக்கிக்கொண்டே இருந்தேன்.